படையின் கண்



தினை விளைந்த புனத்தின் நடுவே பரண் அமைத்து, அதன்மேல் நின்று கிளியோட்டிக் காவல் புரிவது நம் நாட்டின் பழைய வழக்கம். தரையில் நிற்பவன் தன் முகத்துக்கு நேரே அசையும் கதிர்களை மட்டுமே காண்பான். பரணில் நிற்பவனோ புனம் முழுவதையும் ஒரே பார்வையில் காண்பான். கிளிக்கூட்டம் எந்த மூலையில் இறங்குகிறது, காட்டுப்பன்றி எந்தப் பக்கத்து வேலியை முட்டுகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு ஆள் உயரம் ஏறி நின்றதனால் மட்டும் ஒருவனுடைய கண் பத்துப் பேருடைய கண்ணுக்கு நிகராகிவிடுகிறது.

போர்க்களத்திலும் நியதி இதுவே. கோட்டை மதிலும், குன்றின் உச்சியும், யானையின் முதுகும் பண்டைப் படைத்தலைவர்களுக்குப் பரண்களாக அமைந்தன. 1794-ஆம் ஆண்டில் ஃபிளூரஸ் என்ற இடத்தில் நடந்த போரிலே பிரெஞ்சுப் படையினர் பலூனில் ஆளை ஏற்றி, உயரத்திலிருந்து பகைவரின் நடமாட்டத்தை அறிந்தனர். அன்று தொடங்கி வானமே பரணாயிற்று. ஒற்றரை அரசனுக்குக் கண் என்று கூறுவது நம் மொழியின் மரபு. அந்த மரபைப் பின்பற்றிச் சொன்னால், வானில் ஏறிய காவற்காரனைப் படையின் கண் என்றே கூறவேண்டும்.

அத்தகைய கண்ணாகப் பிறந்த ஒரு விமான அணியின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பிரிட்டிஷ் தரைப்படையைச் சேர்ந்த 656-ஆம் ஸ்குவாட்ரன் என்பது அதன் பெயர். துணியால் போர்த்த சிறகும், ஆயுதம் ஏதுமற்ற உடலும் கொண்ட சிறு விமானங்களுடன் 1942-இல் தோன்றிய அந்த அணி, இந்த நூற்றாண்டில் உலகின் மிகக் கொடிய போர் ஹெலிகாப்டர்களுள் ஒன்றைச் செலுத்தும் அணியாக வளர்ந்தது. கண்ணாகப் பிறந்தது கையையும் பெற்றது. இந்த வளர்ச்சி வெறும் இயந்திர வளர்ச்சி அன்று. உயரத்திலிருந்து காண்பவனுக்குக் கீழே இருப்பவர் யார் என்பது தெரியுமா? காண்பது வேறு, அறிவது வேறு என்ற உண்மையை இந்த அணி எத்தனை முறை கற்றது, எவ்வளவு விலை கொடுத்துக் கற்றது என்பதே இந்த வரலாற்றின் உட்பொருள்.

முதலில், இத்தகைய அணி ஏன் தோன்றிற்று என்பதைக் காண்போம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாரின் முதன்மையான களப்பீரங்கி, 25 ராத்தல் எடையுள்ள குண்டை ஏழு மைலுக்கு அப்பாலும் எறிய வல்லது. ஆனால் பீரங்கியை இயக்குபவன் அந்தக் குண்டு விழும் இடத்தைக் காணமாட்டான். இடையே மலையும் காடும் ஊரும் நிற்கும். ஆகவே பீரங்கி என்பது பெரும் வலிமையுள்ள குருடனைப் போன்றது. எங்கே அடிக்க வேண்டும் என்று அருகிருந்து ஒருவன் சொன்னால்தான் அதன் வலிமை பயன்படும்.

விமானத்தில் ஏறி இதனைச் சொல்லலாம் என்பது முதல் உலகப் போரிலேயே தெரிந்திருந்தது. ஆனால் யார் சொல்வது என்பதில் வழக்கு இருந்தது. பறக்கத் தெரிந்த விமானப்படையினருக்குப் பீரங்கியின் நுட்பம் போதிய அளவு தெரியாது. பீரங்கியின் நுட்பம் தெரிந்தவர்களுக்குப் பறக்கத் தெரியாது. பீரங்கிப்படை அதிகாரியான சார்லஸ் பேஸ்லி என்பவர் இதற்கு எளிய தீர்வு ஒன்றைச் சொன்னார். விமானிக்குப் பீரங்கிக் கலையைக் கற்பிப்பதைவிடப் பீரங்கி அதிகாரிக்குப் பறக்கக் கற்பிப்பது எளிது என்பது அவர் கருத்து. வேகமான பெரிய விமானமும் வேண்டா. வயல்வெளியில் இறங்கி ஏறக்கூடிய சிறு விமானமே போதும் என்றும் அவர் வாதித்தார். 1940 பிப்ரவரியில் சோதனைப் பிரிவு ஒன்று அமைந்தது. 1941-இல் முதல் அணியாக 651-ஆம் அணி தோன்றிற்று. அந்த வரிசையில் 1942 டிசம்பர் 31-ஆம் நாள், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் உள்ள வெஸ்ட்லி என்னும் இடத்தில் 656-ஆம் அணி பிறந்தது.

அணியின் அமைப்பு புதுமையானது. அதனைச் செலுத்தியவர்கள் தரைப்படையின் பீரங்கி அதிகாரிகள். விமானங்களைப் பழுது பார்த்தவர்கள் விமானப்படையின் தொழிலாளர். அணியின் எண்ணும் விமானப்படையின் எண்ணே. ஒரே பிள்ளைக்கு இரண்டு வீட்டிலும் சோறு என்பது போல, இரண்டு படைகளும் அதனைப் பங்கிட்டுக் கொண்டன. இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இரு படைகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லத் தவறியதனால் இந்த அணிக்கு நேர்ந்த துயரத்தைப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய விமானத்தின் பெயர் ஆஸ்டர். எஃகுக் குழாய்களால் ஆன கூட்டின்மேல் துணி போர்த்து வண்ணம் பூசப்பட்ட சிறு விமானம் அது. ஆளும் எரிபொருளும் ஏறிய பின்னும் அதன் எடை ஒரு டன்னைத் தொடாது. துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. விமானி ஒரு கையால் விமானத்தைச் செலுத்துவான். மறு கையால் வரைபடத்தைப் பிடிப்பான். வானொலிக் கருவியின் வழியே பீரங்கிக்காரருடன் பேசுவான். முதற்குண்டு விழும் இடத்தைப் பார்த்து, இன்னும் இருநூறு கஜம் தள்ளி அடிக்க வேண்டும் என்றோ, நூறு கஜம் இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்றோ சொல்வான். அடுத்த குண்டு அதற்கேற்ப விழும். இலக்கின் இருபுறமும் விழச் செய்து, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் எல்லாப் பீரங்கிகளையும் ஒருங்கே முழங்கச் செய்வான். அவனுடைய ஆயுதம் அவன் கண்ணும் நாவுமே.

1943-இல் அந்த அணி டெனிஸ் காயில் என்ற மேஜரின் தலைமையில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் இறங்கி, பீரங்கிப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற தேவ்லாலியில் பழகி, அங்கிருந்து பர்மா எல்லைக்குச் சென்றது. ஜெனரல் ஸ்லிம் தலைமை தாங்கிய 14-ஆம் படைக்கு வாய்த்த இத்தகைய விமான அணி அது ஒன்றே. அதன் பிரிவுகளுள் ஒன்று அரக்கான் கடற்கரைப் பக்கத்திலும், மற்றொன்று இம்பால் பக்கத்திலும் பணியாற்றின. அறுவடை முடிந்து காய்ந்த நெல்வயல்களில் வரப்புகளை வெட்டிச் சமன் செய்தால் அவர்களுக்கு விமானத்தளம் கிடைத்துவிடும். மழைக்காலம் வந்தால் அதே தளம் சேறாகிவிடும். மூங்கிற்காடும், மேகம் தவழும் மலையும், திடீரென்று எழும் சூறைக்காற்றும் பகைவரின் துப்பாக்கியைவிட அதிகமாக அவர்களை அச்சுறுத்தின.

ஆயுதமற்ற இந்த விமானத்தைக் கண்டு ஆயுதம் தாங்கிய பகைவர் அஞ்சினர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. ஆஸ்டர் வானில் திரியும்போது ஒரு பீரங்கி முழங்கினால், அதன் வாயிலிருந்து எழும் ஒளியும் புகையும் அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சில நிமிடங்களில் அந்த இடத்தின்மேல் குண்டுமழை பொழியும். ஆகவே ஆஸ்டர் பறக்கும் நேரத்தில் எதிரியின் பீரங்கிகள் பல வேளைகளில் வாய் மூடிக் கிடந்தன. காவற்காரன் பரணில் நிற்கிறான் என்று தெரிந்தாலே புனத்தில் திருட்டு குறைந்துவிடுவது போன்றது இது.

1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த பெரும்போரில் இந்திய மாணவர்கள் மறக்கக் கூடாத ஒரு செய்தி உண்டு. 14-ஆம் படையில் போரிட்டவர்களுள் பெரும்பகுதியினர் இந்தியர். அவர்களுக்கு எதிரே ஜப்பானியரோடு சேர்ந்து நின்ற நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினரும் இந்தியரே. ஒரே மண்ணில் பிறந்தவர்கள், ஒரே விடுதலையை வெவ்வேறு வழியில் எண்ணியவர்கள், ஒருவரை ஒருவர் எதிர்த்து அந்தக் காடுகளில் நின்றனர். ஆயிரம் அடி உயரத்திலிருந்து நோக்கிய விமானிக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. மரங்களிடையே அசையும் உருவங்களை அவன் கண்டான். அந்த உருவங்களின் நெஞ்சில் இருந்ததை அவன் காணவில்லை. உயரம் பார்வையை விரிவாக்குகிறது, முகத்தையோ மறைத்துவிடுகிறது.

1945-இல் இராவதி ஆற்றைக் கடந்து ரங்கூன் வரை அந்த அணி படையுடன் சென்றது. ஜப்பான் சரணடைந்த பின் மலேயாவிலும் ஜாவாவிலும் சிறிது காலம் பணியாற்றி, 1947-இல் கலைக்கப்பட்டது. கதை அத்துடன் முடிந்துவிட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் மறு ஆண்டே அது மலேயாவில் மீண்டும் உயிர் பெற்றது.

1948 ஜூன் மாதத்தில் மலேயாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுக் கட்சியின் கெரில்லாப் படையினர் காட்டுக்குள் புகுந்து போரிட்டனர். 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. இங்கே பீரங்கிக்கு வழிகாட்டும் வேலை குறைவு. காட்டைப் படிக்கும் வேலையே மிகுதி. நூற்றைம்பது இருநூறு அடி உயரத்துக்கு மரங்கள் செழித்து, இலைக்கூரை வேய்ந்ததுபோல் மூடிக்கிடந்தன. அதன் கீழே ஆயிரம் பேர் நடந்தாலும் மேலே தெரியாது. ஆனால் மனிதன் உண்ண வேண்டும். உண்ண வேண்டுமானால் பயிரிட வேண்டும். பயிரிட வேண்டுமானால் மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட வேண்டும். அந்தச் சிறு வெளிச்சத் திட்டுகளைத்தான் ஆஸ்டர் விமானிகள் நாள்தோறும் தேடினர்.

திட்டைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது யாருடையது? காட்டிலேயே பிறந்து வாழும் பழங்குடி மக்களும் மரம் வெட்டிப் பயிரிடுபவர்களே. அவர்களுடைய கொல்லையில் பல பயிர்களும் ஒழுங்கின்றிக் கலந்து வளரும். கெரில்லாக்களின் தோட்டமோ பாத்தி கட்டி வரிசை பிடித்து அமைந்திருக்கும். இந்த வேறுபாட்டை அறியாதவன் குற்றமற்ற குடும்பத்தின் உணவை அழிக்கும்படி செய்துவிடுவான். ஒரே வட்டாரத்தின்மேல் திங்கள் கணக்கில் பறந்து பழகிய விமானியே நேற்று இல்லாத புகை இன்று எழுவதையும், சென்ற வாரம் இல்லாத ஒற்றையடிப் பாதை இன்று தெரிவதையும் கண்டு பொருள் கொள்ள வல்லவனானான். பார்வை அறிவாக மாறுவதற்குப் பழக்கமும் பொறுமையும் வேண்டும் என்பதை அந்தக் காடு கற்பித்தது.

அந்த விமானங்களின் கீழே விரிந்த மற்றொரு காட்சி நம்மவரோடு தொடர்புடையது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மக்கள். கெரில்லாக்களுக்கு உணவும் உதவியும் போய்ச் சேராமல் தடுப்பதற்காக 1950 முதல், காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக் கிராமங்கள் என்று பெயரிட்ட வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. வானத்திலிருந்து பார்த்தால் அது வரிசையான கூரைகளும் சுற்றிலும் ஒரு கோடும் மட்டுமே. அந்தக் கோடு உள்ளிருப்பவருக்குப் பாதுகாப்பா, சிறையா என்பது வானத்திலிருந்து தெரியாது. ஒரே வேலி ஒருவருக்கு அதுவாகவும் மற்றொருவருக்கு இதுவாகவும் இருந்தது.

இந்தக் காலத்தில்தான் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. 1957 செப்டம்பர் முதல் நாள், பிரிட்டிஷ் தரைப்படைக்கென்றே ‘ஆர்மி ஏர் கார்ப்ஸ்’ என்ற தனி விமானப் பிரிவு தோன்றிற்று. மலேயா விடுதலை பெற்றதற்கு மறுநாள் அது. 656-ஆம் அணி விமானப்படையின் உறவை விட்டு, முழுமையாகத் தரைப்படையின் பிள்ளையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்டர்கள் விலகி ஹெலிகாப்டர்கள் வந்தன. விமானம் ஓடிச் சென்றே எழ வேண்டும்; ஓடிக்கொண்டே இறங்க வேண்டும். ஹெலிகாப்டரோ நின்ற இடத்தில் எழும். வானில் அசையாது நிற்கும். ஒரு வீட்டு முற்றம் அளவு வெட்டவெளி கிடைத்தால் இறங்கும். விமானத்தைப் பருந்துக்கு ஒப்பிட்டால், ஹெலிகாப்டரைத் தட்டானுக்கு ஒப்பிடலாம். கண்ணாக மட்டும் இருந்த அணிக்கு இப்போது காலும் கிடைத்தது எனலாம்.

அந்தக் காலின் பயன் போர்னியோவில் விளங்கிற்று. 1962 டிசம்பரில் புருனேயில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து, மலேசியா அமைவதை எதிர்த்த இந்தோனேசியாவுக்கும் பிரிட்டிஷ், மலேசியப் படைகளுக்கும் இடையே மோதல் மூண்டு, 1966 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்படும்வரை நீடித்தது. ஏறத்தாழ ஆயிரம் மைல் நீளமுள்ள எல்லை, சாலைகள் அரிது, மலையும் ஆறும் அடர்ந்த காடும் நிறைந்த நாடு. அங்கே ஒருவன் காயமுற்றால், தோழர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு பல நாள் நடக்க வேண்டியிருக்கும். ஸ்கவுட் என்னும் ஹெலிகாப்டர் அவனைச் சில நிமிடங்களில் மருத்துவரிடம் சேர்த்தது. உணவும் மருந்தும் தபாலும் கொண்டுசென்ற அதே ஊர்தி திரும்பும்போது நோயாளியைச் சுமந்தது. போர்க்கருவி ஒன்று உயிர் காக்கும் கருவியாகவும் அமையும் என்பதைக் காட்டியதால்தான் ஹெலிகாப்டரைப் படைவீரர் அன்புடன் நோக்கினர்.

பின்னர் ஹாங்காங்கில் பணியாற்றி, 1970-களின் இறுதியிலே இந்த அணி இங்கிலாந்தில் நிலைகொண்டது. 1943-இல் தாய்நாட்டைவிட்டுப் புறப்பட்ட அணி, இடையே கலைந்திருந்த ஒரு சிறு காலம் நீங்கலாக, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு ஆசியாவிலேயே காலம் கழித்தது. பிரிட்டிஷ் பேரரசு கிழக்கிலே தேய்ந்த வரலாறும் இந்த அணியின் பயண வரலாறும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இனி, நான் முன்பு குறிப்பிட்ட துயரத்துக்கு வருவோம். 1982 ஏப்ரல் 2-ஆம் நாள், தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா கைப்பற்றியது. எண்ணாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பிரிட்டிஷ் படை கடல்வழியே சென்றது. 656-ஆம் அணியின் கஜெல், ஸ்கவுட் ஹெலிகாப்டர்களும் உடன் சென்றன. மரமற்ற அந்த ஈரநிலத்தில், குளிர்காற்றினூடே, அவை வெடிமருந்தைச் சுமந்தன, காயமுற்றோரை மீட்டன. போர் முடிந்த ஜூன் 14-ஆம் நாளில் ஸ்கவுட்டுகள் எதிரியின் நிலைகள்மீது ஏவுகணைகளையும் செலுத்தின.

ஆனால் அதற்கு எட்டு நாள் முன்னதாக, ஜூன் 6-ஆம் நாள் விடியுமுன், இந்த அணியின் கஜெல் ஒன்று இருளில் பறந்து சென்றது. குன்றின்மேல் அமைந்த வானொலி அஞ்சல் நிலையம் ஒன்று வேலை செய்யவில்லை. அதனைச் சரி செய்வதற்குச் செய்தித்தொடர்புப் படையினர் இருவரை ஏற்றிக்கொண்டு, அணியைச் சேர்ந்த இருவர் ஹெலிகாப்டரைச் செலுத்தினர். அந்நேரம் கடலிலே காவல் புரிந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலான கார்டிஃப், எதிரி விமானங்களின் வரவை எதிர்நோக்கி விழித்திருந்தது. அதன் ராடார் திரையில் ஒரு புள்ளி நகர்ந்தது. நம்முடைய விமானம் எதுவும் அங்கே பறப்பதாகக் கப்பலுக்குச் செய்தி இல்லை. ஏவுகணை பாய்ந்தது. கஜெல் வீழ்ந்தது. நால்வரும் மாண்டனர்.

எதிரி சுட்டதாகவே முதலில் கருதப்பட்டது. சொந்தக் கப்பலின் ஏவுகணையே அது என்பது நான்கு ஆண்டுகள் கழித்து, 1986-இல்தான் உறுதியாயிற்று. காரணம் என்ன? நண்பன், பகைவன் என்று வேறுபடுத்திக் காட்டும் மின்னணுக் கருவி அந்த ஹெலிகாப்டரில் இயக்கப்படாமல் இருந்தது. பிற கருவிகளுக்கு அது இடையூறு செய்தது என்பதே அதற்குக் காரணம். ஹெலிகாப்டர் புறப்படும் செய்தியைத் தரைப்படை கடற்படைக்குச் சொல்லவில்லை. கப்பலில் இருந்தவர்கள் கவனக்குறைவால் சுடவில்லை. மிகுந்த கவனத்தோடு சுட்டார்கள். அவர்களுடைய கண் கூர்மையாகவே இருந்தது. கண்ட பொருள் இன்னதென்று சொல்ல வேண்டிய வாய்தான் மூடிக்கிடந்தது. செய்தித்தொடர்பைச் சரி செய்யப் புறப்பட்ட நால்வர், செய்தி ஒன்று போய்ச் சேராததால் மாண்டார்கள் என்பதைவிடக் கொடிய முரண் வேறில்லை.

இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2004 அக்டோபரில், பிரிட்டிஷ் தரைப்படையில் அப்பாச்சி ஹெலிகாப்டருடன் பணிக்கு ஆயத்தமான முதல் அணி என்ற பெயரை 656-ஆம் அணி பெற்றது. ஆஸ்டர் ஒரு டன்னுக்கும் குறைவு. அப்பாச்சியோ ஏழு டன்னுக்கும் மேல். அதில் ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர்வர். அவர்களுடைய தலைக்கவசத்தில் வலக்கண்ணுக்கு நேரே ஒரு சிறு கண்ணாடி தொங்கும். இருளிலும் உடலின் வெப்பத்தைக் கொண்டு மனிதனைக் காட்டும் கருவியின் காட்சி அந்தக் கண்ணாடியில் தோன்றும். இடக்கண் வெளியுலகை இயல்பாகப் பார்க்கும். அடிப்புறத்தில் உள்ள 30 மில்லிமீட்டர் துப்பாக்கியை அவன் தலை திரும்பும் திசையிலேயே தானாகத் திரும்பும்படி இணைக்கலாம். கண் எங்கே செல்கிறதோ கையும் அங்கே செல்கிறது. பர்மாவில் ஆஸ்டர் விமானி தான் கண்டதை ஏழு மைலுக்கு அப்பால் இருந்தவரிடம் சொல்லி, அவர் குண்டு எறிய வேண்டியிருந்தது. அந்த இடைவெளியிலே ஒருமுறை ஐயுறவும் மறுமுறை எண்ணவும் நேரம் இருந்தது. காண்பதற்கும் அடிப்பதற்கும் இடையே இருந்த அந்தத் தொலைவு அப்பாச்சியில் ஒரு விரலசைவாகச் சுருங்கிவிட்டது. தொலைவு சுருங்கியபோது பொறுப்பு பெருகியது.

2006-இல் இந்த அணி ஆப்கானிஸ்தானத்தின் ஹெல்மந்து மாநிலத்துக்குச் சென்றது. அங்கே 2007 ஜனவரி 15-ஆம் நாள் நடந்த நிகழ்ச்சி ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஆற்றுக்கு அப்பால் இருந்த ஜக்ரூம் கோட்டையைத் தாக்கச் சென்ற கடற்படை வீரர்கள், கடுமையான எதிர்ப்பினால் பின்வாங்க நேர்ந்தது. திரும்பி வந்து எண்ணிப் பார்த்தபோது ஒருவனைக் காணவில்லை. வானிலிருந்த கண்கள் கோட்டை மதிலின் அருகே அவன் கிடப்பதைக் கண்டுவிட்டன. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறானா என்பதை அவை சொல்ல முடியவில்லை. அப்பாச்சியில் மூன்றாவது ஆளுக்கு இருக்கை கிடையாது. ஆயினும் நான்கு வீரர்கள் முன்வந்தனர். இரண்டு அப்பாச்சிகளின் பக்கவாட்டுச் சிறகுகளில், பக்கத்துக்கு ஒருவராகத் தங்களைக் கட்டிக்கொண்டு, பகைவரின் துப்பாக்கிகளுக்கு நடுவே பறந்து சென்று இறங்கினர். தோழன் உயிருடன் இல்லை. அவனுடைய உடலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திரும்பினர்.

இறந்தவனுக்காக இத்தனை உயிர்களைப் பணயம் வைத்தது அறிவா என்று கேட்பவர் உண்டு. அந்தப் போரின் நோக்கத்தைப் பற்றியும், அது விளைத்த அழிவைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. அந்தக் கேள்விகளை இந்த ஒரு வீரச்செயல் தீர்த்துவிடாது. ஆனால் இந்த அணியின் வரலாற்றில் அச்செயலுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. வானிலிருந்து கண்டது போதாது; இறங்கிச் சென்று, முகத்துக்கு முகம் நின்று அறிந்தாக வேண்டும் என்று அன்று மனிதர்கள் முடிவு செய்தார்கள். உயரத்தின் எல்லையை உணர்ந்து தரைக்கு இறங்கிய நேரம் அது.

2011-இல் லிபியாவில் நடந்த உள்நாட்டுப் போரின்போது இந்த அணியின் அப்பாச்சிகள் கப்பலிலிருந்து பறந்தன. ஜூன் 3-ஆம் நாள் இரவும் மறுநாள் விடியலும் சேரும் வேளையில், ஓஷன் என்ற கப்பலிலிருந்து எழுந்து பிரேகா நகருக்கு அருகே முதல் தாக்குதலை நடத்தின. பீரங்கிப்படையினர் தொடங்கிய அணி, தரைப்படையின் அணி, கடற்படைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று பணியாற்றிற்று. ஃபாக்லாந்தில் ஒன்றையொன்று அறியாது நின்ற இரு படைகள், இங்கே ஒரே கப்பலில் ஒரே வரைபடத்தின்முன் அமர்ந்தன. ஒரு தவறு பாடமாக வேண்டுமானால், அது அமைப்பிலும் பழக்கத்திலும் ஏறவேண்டும் அன்றோ? முதல் அப்பாச்சிகள் 2024-இல் ஓய்வு பெற்றன. அவற்றினும் புதிய வகை அப்பாச்சிகள் பிரிட்டிஷ் தரைப்படையில் அவற்றின் இடத்தைப் பெற்றன.

பிற்காலத்தில் இந்த அணியின் இருப்பிடமாக அமைந்தது சஃபோக் மாவட்டத்தில் உள்ள வாட்டிஷம். அணி பிறந்த வெஸ்ட்லியும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. தேவ்லாலி, இம்பால், மலேயா, போர்னியோ, ஃபாக்லாந்து, ஹெல்மந்து, லிபியா என்று உலகைச் சுற்றிவிட்டு, பிறந்த மாவட்டத்துக்கே அது வந்து சேர்ந்தது. ஊர்தி பலமுறை மாறிற்று. ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மாறினர். மாறாதது அந்த எண் ஒன்றே.

மாணவ நண்பர்களே, இன்று வானிலே பறக்கும் கண்கள் பெருகிவிட்டன. ஆளில்லாத சிறு விமானங்களும், விண்ணில் சுற்றும் துணைக்கோள்களும் பூமியின் ஒவ்வொரு சாணையும் படம் பிடிக்கின்றன. அவற்றை அமைக்கவும் இயக்கவும் போகின்றவர்களுள் உங்களில் சிலரும் இருப்பீர்கள். அப்போது திரையிலே நகரும் ஒரு புள்ளியைக் காண்பீர்கள். அந்தப் புள்ளி கொல்லையிலே பயிரிடும் ஏழையாக இருக்கலாம். வேலிக்குள் வாழும் தொழிலாளியாக இருக்கலாம். இருளிலே பழுது பார்க்கச் செல்லும் உங்கள் சொந்தத் தோழனாகவும் இருக்கலாம். பரணில் நிற்பவன் கவண்கல்லை வீசுமுன் புனத்தில் அசைவது பன்றியா, புல்லறுக்க வந்த பெண்ணா என்று ஒருகணம் நின்று பார்ப்பான். அந்த ஒருகணத்தை எந்த இயந்திரமும் நம்மிடமிருந்து பறித்துவிடாதபடி காத்துக்கொள்வது உங்கள் தலைமுறையின் கடமை.